மழையின் அலகு: காலநிலைக் கலையில் ஒரு பெயர்ப்புச் சிக்கல்

முன்னுரை

காலநிலை மாற்றத்தைப் பொருளாகக் கொண்ட கலைப்படைப்புகளில் கலைஞரும் அறிவியலாரும் இணைந்து பணியாற்றுவது இன்று பெருகியுள்ளது. இவற்றைப் பற்றிய திறனாய்வு பெரும்பாலும், அறிவியல் தரவைக் கலை மக்களிடம் கொண்டு சேர்க்கிறது என்ற பாராட்டோடு நின்றுவிடுகிறது. ரோமன் யாக்கப்சன் 1959இல் வகுத்த மூவகைப் பெயர்ப்புகளுள் மூன்றாவது, சொற்குறிகளைச் சொல்லல்லாத குறிகளால் விளக்குவது. எண்ணை வண்ணமாக்குவதை அதன் விரிவாகக் கொள்ளலாம். அவ்வாறாயின், மொழிபெயர்ப்பை மதிப்பிடுவோர் எழுப்பும் வினாவையே இங்கும் எழுப்புதல் வேண்டும். பெயர்ப்பின் அலகு எது? அது மூலத்தில் எதனைக் காக்கிறது, எதனை மறைக்கிறது? புனேயின் மழை ஆய்வுகளைத் துணைக்கொண்டு இவ்வினா ஈண்டு ஆராயப்படுகிறது.

மூவகை அலகுகள்

எல்லி ஹைவுட் என்னும் காலநிலை அறிவியலார் உலக வெப்பநிலைத் தரவை ஆண்டுக்கொரு வண்ணமாகக் கொண்டு 2017இல் ஒரு போர்வை பின்னினார். ரீடிங் பல்கலைக்கழகத்தின் எட் ஹாக்கின்ஸ் 2018இல் வெளியிட்ட வெப்பப் பட்டைகள் அவ்வழியில் வந்தவை. ஓராண்டுக்கு ஒரு பட்டை. குளிர்ந்த ஆண்டு நீலம், வெம்மையான ஆண்டு சிவப்பு. எண்ணோ அளவுகோலோ இல்லை. இங்கு அலகு ஆண்டுச் சராசரி ஆகும்.

கலைஞர் ஓலாஃபுர் எலியாசனும் நிலவியலாளர் மினிக் ரோசிங்கும் கிரீன்லாந்துப் பனிக்கட்டிகள் பன்னிரண்டினை 2015இல் பாரிஸ் நகரச் சதுக்கத்தில் கடிகார வட்டமாக அடுக்கி உருகவிட்டனர். மூலச்சொல்லைப் பெயர்க்காது கடன்சொல்லாகவே கொள்வதை இது ஒத்தது. இங்கு அலகு பொருளே ஆகும்.

கலைஞர் ராபின் பிரைசும் பர்மிங்காம் பல்கலைக்கழக அறிவியலார் பிரான்சிஸ் போப்பும் காற்றிலுள்ள நுண்துகள் அளவை ஒளிப்புள்ளிகளாக்கி இரவு நிழற்படங்களில் பதித்தனர். தில்லியும் இமாசலத்துப் பாலம்பூரும் இவற்றுள் அடங்கும். ஓரிடத்தில் ஒரு கணத்துக் காற்றே இங்கு அலகு.

சராசரி மறைக்கும் மழை

இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் 1928இல் சிம்லாவிலிருந்து புனேக்கு மாறியது. 1944இல் அது தில்லிக்குச் சென்ற பின்னரும் காலநிலைப் பணி புனேயில் தொடர்கிறது. 1901 முதலான வெப்பநிலைப் பதிவுகளில் 2024ஆம் ஆண்டே இந்தியாவின் மிக வெம்மையான ஆண்டு. 1991-2020 சராசரியினும் 0.65 பாகை செல்சியசு மிகுதி. இத்தரவுக்கு வெப்பப் பட்டை பொருந்தும். ஏற்ற இறக்கம் உண்டெனினும் போக்கு ஒரே திசையது. ஆண்டுச் சராசரி அதனைச் சிதைப்பதில்லை.

மழையின் நிலை வேறு. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தில் பார்த்தசாரதி முதலானோர் 306 மழைமானி நிலையங்களைக் கொண்டு 1871 முதலான பருவமழைத் தொடரை உருவாக்கினர். அதனைப் பட்டைகளாக்கினால் மிகையும் குறையுமான ஆண்டுகள் மாறி மாறித் தோன்றுமேயன்றி, வெப்பநிலையிற் போன்ற தெளிவான ஒருதிசைப் போக்குப் புலப்படாது. ஆயின் மாற்றம் இல்லை என்பது இதன் பொருளன்று. 1951-2000 காலத்து நடு இந்திய மழையை ஆராய்ந்த கோஸ்வாமி முதலானோர் (2006), கனமழை நிகழ்வுகள் பெருகியதையும் மிதமழை நிகழ்வுகள் குறைந்ததையும், இவ்விரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்ததால் பருவச் சராசரி பெரிதும் மாறாதிருந்ததையும் காட்டினர். புனே நிறுவனத்தின் ராக்சி மாத்யூ கோல் முதலானோர் (2017), 1950-2015 காலத்தில் நடு இந்தியாவில் பரவலான மிகுமழை நிகழ்வுகள் மும்மடங்கானதைக் கண்டனர்.

எனவே பருவ மொத்தத்தை அலகாகக் கொள்ளும் ஓவியம், தரவில் ஓர் எண்ணையும் பிழைபடத் தராமலேயே, மாற்றம் நிகழவில்லை என்று பார்வையாளரை நம்பச் செய்யும். சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தும் வாக்கியம் பிழைபடும் மொழிபெயர்ப்பின் நிலை இதுவே. பெயர்ப்பை ஒரே படிநிலைக்குள் கட்டுப்படுத்துவதன் குறையைக் கேட்ஃபோர்டு 1965இலேயே சுட்டியுள்ளார்.

இஃது ஏட்டளவிலான சிக்கலன்று. 2019 செப்டம்பர் 25 இரவு பெய்த பெருமழையில் புனேயின் ஆம்பில் ஓடை கரைபுரண்டு உயிர்களைப் பலிகொண்டது. அவ்விரவைப் பருவ மொத்தத்தில் காண இயலாது.

மொழியின் சான்று

சராசரி ஒன்றாக்குவதை மொழி வேறுபடுத்தியே வைத்துள்ளது. விடாது மெல்லப் பெய்வதை மராத்தியர் 'ரிப்ரிப்' என்பர். உலக்கை போல் தாரையாக வீழ்வதை 'முசள்தார்' என்பர். தமிழில் தூறல், சாரல், அடைமழை, பெருமழை என்பன வெவ்வேறு. இச்சொற்கள் பெய்த நீரின் அளவை மட்டுமன்றி அது பெய்யும் விதத்தையும் காலத்தையும் சுட்டுகின்றன. கோஸ்வாமி முதலானோர் நாள்மழையைப் பகுத்தபோது மேற்கொண்டதும் இத்தகைய வேறுபாட்டையே. மழையைப் பற்றிய கலைக்கு அலகு தேடுவோர் பேச்சுவழக்கிலிருந்து தொடங்குவது தகும்.

முடிவுரை

வெப்பப் பட்டை தன் பொருளுக்கு ஏற்ற வடிவம், குறை அதனிடத்தில்லை. அதன் வெற்றியைக் கண்டு எத்தரவுக்கும் அவ்வடிவையே போர்த்துவதில்தான் குறை உள்ளது. அறிவியலார் முடிவைத் தந்த பின்னர் கலைஞர் வண்ணம் தீட்டுவது கூட்டுப்பணி ஆகாது. எதனை எண்ணுவது என்று தீர்மானிக்கும் நிலையிலேயே இருவரும் அமர்தல் வேண்டும். சொற்களின் நுண்வேறுபாடு அறிந்த மொழிபெயர்ப்பாளருக்கும் அங்கு இடமுண்டு.