எதுகையும் ரைமும்: கண்டியில் ஆங்கிலத் திறனாய்வுச் சொற்கள்

கேம்பிரிட்ஜ் மாணவரிடம் கவிஞரின் பெயரை மறைத்துக் கவிதைகளைக் கொடுத்து, அவர்கள் எழுதித் தந்த கருத்துகளை ஆராய்ந்து ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் 1929 இல் வெளியிட்ட நூல், பனுவலின் சொற்களையே சான்றாகக் கொண்டு வாசிக்கும் செய்முறைத் திறனாய்வுக்கு வழி வகுத்தது. கேம்பிரிட்ஜில் பயின்ற பேராசிரியர் இ. எஃப். சி. லுடோவைக்கின் ஆங்கிலத் துறை 1952 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தோடு கண்டியை அடுத்த பேராதனைக்கு வந்தபோது, கண்டிச் சூழலும் இம்மரபுக்கு அணுக்கமாயிற்று. உயர்தரப் பரீட்சையின் ஆங்கிலப் பாடத்தில், முன்பின் அறியாத பகுதியொன்றைத் திறனாயும் வினாவாக அது இன்றும் தொடர்கிறது.

இம்முறை தரும் கலைச்சொற்களின் வலிமையைச் செயப்பாட்டுவினை ஒன்றைக் கொண்டே காட்டலாம். மலையகத் தமிழரின் குடியுரிமை 1948 இல் பறிக்கப்பட்டது என்னும் வாக்கியத்தைத் தமிழில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும், பறித்தவர் யார் என்பது அதில் இடம்பெறுவதில்லை. வினைமுதலைச் சொல்லாமலே வாக்கியத்தை நிறைவுசெய்ய இவ்வடிவம் இடந்தருகிறது என்று அறிந்த மாணவர், கண்டிக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் தம் பாட்டனாருக்கு நேர்ந்ததைப் பாடநூல் எவ்வாறு கூறுகிறது என்பதையும் எடைபோட வல்லவராகிறார். இலக்கணச் சொல் இங்கே அரசியல் அறிவாகவே பயன்படுகிறது.

ஆனால், கவிஞரின் பெயரை மறைத்த முறை, காலப்போக்கில் அணிகளுக்குப் பெயர் சூட்டும் பயிற்சியாகச் சுருங்கியது பெருங்குறை. உருவகம் உள்ளது, மோனை உள்ளது என்று அடையாளமிட்டதும் விடை முடிந்துவிடுகிறது. அந்த உருவகம் அவ்விடத்தில் என்ன செய்கிறது என்ற கேள்வி எழுவதேயில்லை. ஆங்கிலச் சொற்களுக்கு வழங்கும் தமிழ் நிகர்ச்சொற்கள் இக்குறையை மேலும் ஆழப்படுத்துகின்றன. ரைம் என்பதை எதுகை என்று பெயர்க்கின்றனர்; ஆனால் எதுகை என்பது அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது. ஆங்கிலத்தின் ரைம் பெரும்பாலும் அடியின் இறுதியில் அமைவதால், அதற்கு நெருங்கிய தமிழ்ச்சொல் இயைபுதான். மெட்டஃபர் என்பதையும் உருவகம் என்றே பெயர்க்கின்றனர். உருவகத்தில் பொருளும் உவமையும் ஒன்றாக்கப்பட்டு இரண்டுமே சொல்லப்படும்; பொருளை மறைத்து உவமையை மட்டும் கூறுவதைத் தண்டியலங்காரம் ஒட்டு எனத் தனியே பிரிக்கும். மெட்டஃபரோ இவ்விரண்டையும் அடக்கியது. எழுவாயிலும் இதே சிக்கல் உண்டு: தமிழில் அது முதல் வேற்றுமையோடு பிணைந்தது, ஆங்கிலத்தில் வாக்கியத்தில் பெறும் இடத்தாலேயே பெரிதும் தீர்மானிக்கப்படுவது. "எனக்குப் பசிக்கிறது" என்பதை ஆங்கிலமாக்கும் மாணவர் நான்காம் வேற்றுமைச் சொல்லை எழுவாயாக மாற்றவேண்டியிருப்பதை, எழுவாய் என்ற ஒற்றைச் சொல் விளக்குவதில்லை.

இவ்வேறுபாடுகளையே பாடமாக்க உள்ளூரிலேயே வளம் இருக்கிறது. தண்டியலங்காரத்துக்கு மூலமான வடமொழிக் காவியாதர்சமே சிங்கள அணிநூலான சியபஸ்லகரவுக்கும் அடிப்படை. ஆகவே கண்டி வகுப்பறையில் அருகருகே அமரும் தமிழ் மாணவரும் சிங்கள மாணவரும், மெட்டஃபரை அறியும் முன்பே, ஒரே மூலத்திலிருந்து பிரிந்த இரு அணிமரபுகளுக்கு உரியவர்களாக இருக்கின்றனர்.