தண்டலின் கண்ணால் தூத்துக்குடி

புளியங்குடிக்காரர்களுக்குக் காற்று என்றால் மேல்காற்றுதான். ஆனி பிறந்தால் மலைமுகட்டில் மேகம் ஏறும், குற்றாலத்தில் சாரல் கட்டும், எலுமிச்சைத் தோட்டங்களில் ராப்பகலாக இலை சலசலக்கும். அந்தக் காற்று நம்மைத் தாண்டி எங்கே போகிறது என்று யாரும் விசாரிப்பதில்லை. அது நேரே கிழக்கே போகிறது, தூத்துக்குடிக்கு.

மத்தியதரைக்கடலில் பாய்மரப் படகோட்டிப் போகிறவர்கள் மார்சேயிலோ பலெர்மோவிலோ அரைநாள் படகைக் கட்டிவிட்டு ஊருக்குள் இறங்குவார்கள். விவரம் தெரிந்தவர்கள் ஊர் முழுவதையும் பார்த்துவிட ஓடுவதில்லை. காற்று எப்படி, என்ன சரக்கு ஏறுகிறது, இங்கே என்ன சாப்பிடலாம் என்ற மூன்று கேள்விகளோடு நடப்பார்கள். தோணியின் தலைவரான தண்டல் கேட்பதும் இவைதான். அந்தக் கண்ணோடு ஒரு பகல் தூத்துக்குடியைச் சுற்றினால், சாமான் வாங்கவும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் போய்வந்த ஊர் வேறு ஊராகத் தெரியும்.

காற்றோடு கிளம்புங்கள்

சங்கரன்கோவில், கழுகுமலை, கோவில்பட்டி, எட்டயபுரம் என்று போகிற பாதையே நல்ல பாடம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மண்ணைப் பாருங்கள். செம்மண் கரிசலாகும், கரை நெருங்க நெருங்க உப்புப் பூத்த வெள்ளையாகும். தென்மேற்குக் காற்று கொண்டுவந்த ஈரத்தில் பெரும்பங்கை மலை வாங்கிக்கொள்கிறது. மலை இறங்கி வருவது காய்ந்த காற்று. அது வழியெல்லாம் காற்றாலைகளைச் சுற்றிவிட்டு, மண்ணையும் கிளப்பிக்கொண்டு, கரையில் போய் நிற்கிறது. நமக்குச் சாரல் தந்த காற்றுதான் அங்கே புழுதி இறைக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு இறங்குகிறவருக்கு வெயிலும் புழுதியும்கூடப் பார்க்க வேண்டிய பொருள்களே.

முதலில் தோணி

இறங்கியதும் பீச் ரோட்டுக்குப் போங்கள். பழைய துறைமுகத்துக்குள் நுழைய அனுமதி வேண்டும். வெளியில் நின்றே பார்க்கக்கூடியது நிறைய. தோணி என்றால் ஆற்றைக் கடக்கும் சிறு படகை நினைக்க வேண்டாம். இது நூற்றுக்கணக்கான டன் சரக்கு ஏற்றும் மரக்கலம். கரையோரக் கடல் ஆழமில்லாதது. ஆகவே 1974-ல் புதிய துறைமுகம் திறக்கும்வரை பெரிய கப்பல்கள் தொலைவில் நங்கூரம் போட்டு நின்றன. கரைக்கும் கப்பலுக்கும் நடுவே சரக்கைச் சுமந்தவை தோணிகள். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய்விரித்துப் போனவையும் அவையே. இப்போது என்ஜின் வந்துவிட்டது.

பார்க்க வேண்டியது மூன்று. ஒன்று, தோணி தண்ணீரில் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்பது. மிதந்து நின்றால் காலி, தாழ்ந்து நின்றால் புறப்படத் தயார். இரண்டு, என்ன ஏறுகிறது. வெங்காயம், காய்கறி, கட்டுமானச் சாமான்கள் என்றால் பெரும்பாலும் மாலத்தீவுப் பயணம். சொந்தமாக அதிகம் விளையாத தீவுகளின் அடுப்படி இங்கிருந்தும் நிரம்புகிறது. மூன்று, எத்தனை தோணிகள் சும்மா கட்டிக் கிடக்கின்றன. குற்றாலத்தில் கூட்டம் அலைமோதும் மாதங்களில் கடல் கொந்தளிப்பதால் தோணிகள் ஓடுவதில்லை. அது பழுது பார்க்கும் காலம். பலகை இடுக்கில் பஞ்சுத்திரி வைத்து அடித்து அடைக்கும் கலப்பத்து வேலையைக் காண நேர்ந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள்.

இதே கடலில்தான் வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, மறு ஆண்டே இரண்டு நீராவிக் கப்பல்களைக் கொழும்புக்கு ஓட விட்டார். அலையைப் பார்த்தபடி அதை நினைத்தால், கட்டணக் குறைப்பும் போட்டியும் சிறையும் பாடப்புத்தகச் சங்கதிகளாக இருக்காது.

கோயிலைத் தள்ளி நின்று பாருங்கள்

கடலோடிக்கு ஊர் முதலில் தெரிவது உயரமான ஏதோ ஒன்றாக. மார்சேயில் குன்றின்மேல் நிற்கும் மாதா கோயில் அந்த வேலையைச் செய்கிறது. உள்ளே விதானத்திலிருந்து சின்னச் சின்னக் கப்பல் பொம்மைகள் காணிக்கையாகத் தொங்கும். தூத்துக்குடியில் குன்று இல்லை, தட்டையான கரை. ஆகவே பனிமய மாதா பேராலயத்தை வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பதற்கு முன், கடற்கரைப் பக்கமாகத் தள்ளி நின்று பாருங்கள். இப்போதைய கட்டடம் 1713-ல் எழுந்தது. 1982-ல் பசிலிக்கா தகுதி பெற்றது. ரோமாபுரியில் ஒரு ஆகஸ்டு மாதத்தில் பனி பெய்ததாகச் சொல்லும் பழங்கதையை ஒட்டிய இந்த வழிபாடு, போர்த்துக்கீசியர் காலத்தில் கடல் கடந்து இந்த வெக்கைக் கரைக்கு வந்தது. ஆகஸ்டு 5 திருவிழாவுக்கு மதம் பார்க்காமல் கூட்டம் சேரும்.

உப்பளத்தில் சாயங்காலம்

உச்சிவெயிலில் உப்பளம் கண்ணைக் கூச வைக்கும். நான்கு மணிக்கு மேல் போங்கள். பாத்தி பாத்தியாகக் கட்டிய நீர் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில் இருக்கும். செறிவு கூடக் கூட நிறம் மாறும். கடைசிப் பாத்தியில் உப்பு விளையும். வெயில் பாதி வேலை, காய்ந்த காற்று மீதி வேலை. குஜராத்துக்கு அடுத்தபடி நாட்டில் உப்பு அதிகம் விளையும் இடங்களில் ஒன்று இந்த மாவட்டம். புகைப்படம் எடுப்பதற்கு முன் வாருகிறவர்களின் பாதங்களைப் பாருங்கள். ரசனைக்குள் அந்த உழைப்பும் அடங்க வேண்டும்.

நாக்கு

மெக்ரூனை மாலைவரை தள்ளிப்போடாதீர்கள். வாங்கியதும் ஒன்று வாயில் போடுங்கள். ஈரக்காற்று பட்டால் மொறுமொறுப்புப் போய்விடும். இத்தாலியிலும் பிரான்சிலும் பாதாம் சேர்த்துச் செய்யும் பண்டம் இங்கே முந்திரிக்கு மாறியது. முந்திரிப் பருப்பு, சர்க்கரை, முட்டையின் வெள்ளைக்கரு, அவ்வளவுதான். கடிக்காமல் நாக்கில் வைத்து, முதலில் உடைவதையும் பிறகு கரைவதையும் கவனியுங்கள்.

ஊரிலிருந்து கிளம்பும்போது நாலு எலுமிச்சம்பழம் எடுத்து வாருங்கள். எலுமிச்சை கடலோடிகளின் பழைய சிநேகிதன். மாதக்கணக்கில் கப்பலில் கிடந்தவர்களின் ஈறு வீங்கிப் பல் உதிரும் ஸ்கர்வி நோய்க்கு அது மருந்து என்று ஜேம்ஸ் லிண்ட் 1747-ல் கப்பலிலேயே சோதித்துக் காட்டினார். உப்பளத்தைப் பார்த்த கையோடு உப்புப் போட்டு ஒரு எலுமிச்சைச் சாறு குடியுங்கள். காற்றின் இரண்டு முனைகளும் அந்தத் தம்ளரில் உண்டு.

எதை விடலாம்

முயல்தீவு, பூங்கா, கடைவீதி எல்லாம் ஒரே நாளில் வேண்டாம். மிச்ச நேரம் இருந்தால் பழைய துறைமுகமான கொற்கைக்குப் போங்கள். எகிப்தின் செங்கடல் துறைகளில் ஜூலையில் பாய் விரித்த கிரேக்க மாலுமிகள், செங்கடலின் வாயைத் தாண்டியபின் இதே தென்மேற்குக் காற்றைப் பிடித்து நாற்பது நாள் அளவில் சேரக் கரையை அடைந்தார்கள். முதல் நூற்றாண்டில் அவர்களில் ஒருவர் எழுதிய கடல்வழிக் குறிப்பில் கொற்கை முத்தும் இருக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டலில் கொற்கை கடலை இழந்தது. பிறகு காயல் துறைமுகமானது, மார்க்கோ போலோ அதைப் பற்றி எழுதினார். அதன்பின் தூத்துக்குடியின் முறை. இன்று கொற்கையில் நீங்கள் காண்பது வயல், குளம், வாழை. துறைமுகம் என்பது காற்றும் ஆறும் அனுமதிக்கும்வரைதான் என்பதை எந்த அருங்காட்சியகமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

போகுமுன் ஜோ டி குரூஸின் 'கொற்கை' நாவலில் கொஞ்சமாவது படித்துவிடுங்கள். தண்டல்கள் அதில் தோணிகளோடு நடமாடுகிறார்கள். ஆடியில் ஒருமுறை, தையில் ஒருமுறை என்று இரண்டு தடவை போவது நல்லது. ஆடியில் காற்றும் உப்பும், தையில் தோணியும் சரக்கும். ஒருமுறைதான் முடியும் என்றால் தையில் போங்கள். ஆடிக்காற்றின் பாதியை நீங்கள் புளியங்குடியிலேயே பார்த்தாயிற்று.