நந்தனாரும் பீட்டரும்: பாட்டுக்காரர் நடிக்க வரும்போது

இசைக்காரர் ஒருவர் நடிக்க வந்தால் நாம எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இவருக்கு நடிப்பு வருமா?" விஜய் ஆண்டனிக்குக் கேட்டோம், ஜி.வி. பிரகாஷுக்குக் கேட்டோம், ஹிப்ஹாப் ஆதிக்கும் கேட்டோம். வருது, வரலை, பரவாயில்லை என்று மார்க் போட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறோம். எனக்கு இருக்கும் கேள்வி வேறு. பெயர் பெற்ற ஒரு இசைக்காரருக்கு நம் சினிமா யாருடைய வேஷத்தைக் கொடுக்கிறது?

கொஞ்சம் பழைய கதையிலிருந்து வர வேண்டும். 1931இல் 'காளிதாஸ்' வந்து தமிழ் சினிமா பேச ஆரம்பித்தபோது பின்னணி பாடும் வழக்கம் கிடையாது. திரையில் வாயசைப்பவரேதான் பாடியாக வேண்டும். அதனால் நாடக மேடையிலிருந்தும் சபாவிலிருந்தும் ஆட்களைக் கூட்டிவந்தார்கள். முசிரி சுப்பிரமணிய ஐயர் துக்காராம் ஆனார் (1938). ஜி.என். பாலசுப்பிரமணியம் துஷ்யந்தன், எம்.எஸ். சுப்புலட்சுமி சகுந்தலை (1940). நாகஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளை அதே 1940இல் காளமேகம். இவர்களிடம் யாரும் நடிப்பை எதிர்பார்க்கவில்லை, குரல் வந்தால் போதும். 1938இல் 'நந்தகுமார்' படத்தோடு பின்னணிக் குரல் தமிழுக்கு வந்தது. பிறகு மெல்ல மெல்ல, பாடகர் நடிக்க வேண்டிய அவசியமே போய்விட்டது.

இந்த வரிசையில் ஒரு வேஷம் மட்டும் என்னை விடுவதில்லை. நந்தனார். 1935இல் கே.பி. சுந்தராம்பாள், ஒரு பெண், அந்த வேஷத்தைப் போட்டார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய் என்பது அன்றைக்கு ஊரெல்லாம் பேச்சு. வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். 1942இல் ஜெமினி மறுபடி எடுத்தபோது நந்தனார் எம்.எம். தண்டபாணி தேசிகர், வேதியர் செருகளத்தூர் சாமா.

தேசிகரைப் பாருங்கள். வசனம் பேசும்போது உடம்பு மரமாக நிற்கிறது. பாட்டு தொடங்கியதும் தோள் இறங்குகிறது, கண் எங்கோ போய்விடுகிறது. இதை மோசமான நடிப்பு என்று தள்ள என்னால் முடியவில்லை. நந்தனின் கதையே ஒரு ஆள் உள்ளே போக அனுமதி கேட்பதுதான். கேட்க அவனிடம் இருப்பது குரல் மட்டும். ஆக, அங்கே பாட்டுதான் நடிப்பு. தேவாரம் பாடிப் பழகிய தொண்டை அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. சேரியில் பிறந்தவனின் வேஷத்தைக் கொண்டாட, சபையில் ஏற்கெனவே இடம் பிடித்த குரல் தேவைப்பட்டது.

பின்னணிக் காலத்துக்குப் பிறகு வந்தவர்களில் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தைச் சொல்ல வேண்டும். வஸந்தின் 'கேளடி கண்மணி' (1990) மூச்சு விடாமல் பாடும் பாட்டுக்காகவே நினைவில் நிற்கிறது. எனக்குப் பிடித்தது வேறு. அவர் விரும்பும் பெண்ணின் அப்பா, அம்மா இருவருக்குமே காது கேட்காது, வாய் பேசாது. நாட்டிலேயே அதிகம் கேட்கப்பட்ட குரல்களில் ஒன்று, அந்த வீட்டில் எதற்கும் உதவாது. அங்கே அவர் முகத்தை வைத்துத்தான் பேசியாக வேண்டும், பேசுகிறார். குரலைப் பிடுங்கிக்கொண்டு ஒரு பாடகரை நடிக்க வைத்த படம் அது.

இப்போது 'சர்வம் தாளமயம்' (2019). ராஜீவ் மேனன் எடுத்தது. மிருதங்கம் செய்யும் ஜான்சனின் மகன் பீட்டர், விஜய் ரசிகன். வேம்பு ஐயரின் கச்சேரியைப் பார்த்து மயங்கி, வாசிக்கணும் என்று கிளம்புகிறான். பீட்டராக ஜி.வி. பிரகாஷ். அவரே இசையமைப்பாளர், ஆனால் படத்துக்கு இசை ஏ.ஆர். ரஹ்மான். இதற்காக உமையாள்புரம் சிவராமனிடம் மிருதங்கம் கற்றுக்கொண்டார். குருவாக வரும் நெடுமுடி வேணுவும் மிருதங்கம் தெரிந்தவர். இருவரும் எதிரெதிரே உட்காரும் காட்சிகளில் கை பொய் சொல்வதில்லை. பிரகாஷ் வசனத்தில் துறுதுறுவென்று கொஞ்சம் அதிகம் செய்வார். கேட்கும்போது மட்டும் அப்படியே அடங்கிவிடுவார். அந்தக் கேட்கும் முகம் சாதாரண கதாநாயகனுக்கு வராது.

ஆனாலும் இது நந்தனார் கதைதான். வாசலில் நிற்கிறவன், தடுக்கிறவர்கள், மனம் இளகும் ஐயர். தில்லைக்குப் பதில் சபா. அக்கினிக்குப் பதில் டிவி போட்டி. வேஷம் போடுபவர், மறுபடியும், உள்ளே ஏற்கெனவே இடம் உள்ளவர்.

நாயுடுபுரத்தில் என் வீட்டுக்கு இரண்டு தெரு கீழே ஒரு தம்பி இருக்கிறான். கோடையில் எங்கே கல்யாணம், எங்கே சர்ச் திருவிழா என்றாலும் டிரம்ஸ் அவன்தான். போன டிசம்பர் குளிரில் இந்தப் படத்தை என் லேப்டாப்பில் சேர்ந்து பார்த்தோம். தாளம் வரும் இடத்திலெல்லாம் கட்டில் விளிம்பில் தட்டிக்கொண்டே இருந்தான். முடிந்ததும் கேட்டான்:

"அந்த அப்பா, ஜான்சன், நெசமாவே மிருதங்கம் செய்யுறவராண்ணே?"

"இல்லப்பா. குமரவேல். நாடகக்காரர்."

"நல்லாத்தான் பண்ணாரு. ஆனா வாசிக்கிறதுக்கு வாசிக்கத் தெரிஞ்சவரைத் தேடிப் போட்டாங்கல்ல? செய்யுறதுக்கு மட்டும் ஏன்ணே தேடலை?"

நான் எழுத நினைத்த விமர்சனம் முழுக்க அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. இசைக்காரர் நடிக்க வருகிறார் என்கிறபோது யாரை இசைக்காரர் என்று எண்ணுகிறோம்? மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் எல்லாம் சேர்ந்துதான் மிருதங்கம். எந்தத் தோல் எந்த நாதம் கொடுக்கும் என்று தட்டிப் பார்த்துச் சொல்பவருக்கு வித்வானுக்குக் குறையாத காது வேண்டும். டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' புத்தகத்தில் (2020) எழுதியது அந்தக் காதுகளைப் பற்றித்தான். அதன் வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. புத்தகத்துக்கே வாசல் அடைத்தது.

ஜி.வி. பிரகாஷை இதற்குக் குற்றம் சொல்வது நியாயமில்லை. 'சர்வம் தாளமயம்' நல்ல படம், அவர் நடித்ததில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் அதுதான். தோலும் சாதியும் பற்றி வெளிப்படையாகப் பேச நம் சினிமாவில் அதற்கு முன் எத்தனை சங்கீதப் படம் துணிந்தது? ஆனால் பீட்டர் ஜெயித்ததும் படம் முடிந்துவிடுகிறது. மறுநாள் காலை ஜான்சன் அடுத்த மிருதங்கத்துக்கு வார் இழுக்க உட்காருவார். அவர் வேஷத்துக்கு அந்த வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிடும் படம் வரட்டும். அவருக்கு நடிப்பு வருமா என்று அப்போது கேட்டுக்கொள்வோம்.