வில்லனுக்கு வலிக்குமா?

கயத்தாற்றில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் டீக்கடையில்தான் காத்திருக்க வேண்டும். ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது, எதிர்ப் பெஞ்சில் நாலு இளவட்டங்கள் ஒரு சினிமாவைப் பற்றிப் பலமாகத் தர்க்கம் செய்துகொண்டிருந்தார்கள். படத்தின் பெயர் ‘மின்னல் முரளி’. பேசில் ஜோசப் எடுத்த மலையாளப் படம். 2021 டிசம்பர் 24ஆம் தேதி நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்தது. நம்மவர்களுக்காகத் தமிழும் பேசியது. சூப்பர் ஹீரோ படத்தைப் பற்றிய பேச்சு என்றால், யார் யாரை எவ்வளவு தூரம் தூக்கி எறிந்தான் என்ற அளவுக் கணக்காகத்தான் இருக்கும் என்று எண்ணி, நான் கையிலிருந்த பத்திரிகையைப் பிரித்தேன். ஆனால் அவர்கள் கதாநாயகன் பக்கமே போகவில்லை. பேச்சு முழுவதும் வில்லனைப் பற்றி.

“மின்னல் விழுந்தே சாகாதவனுக்கு வேற என்னத்தலே வலிக்கப் போகுது?” என்றான் ஒருவன்.

“மின்னல் வலிச்சிருக்காது. ‘கிறுக்கன்’னு சொன்னாம் பாரு, அதுதாம்லே வலிச்சிருக்கும்.”

“அப்பம் எதுக்கு மூஞ்சிய மூடுதான்?”

“ஆள் தெரியாம இருக்கத்தான்.”

“மூஞ்சி தெறந்து கெடந்தப்ப மட்டும் எவன் பாத்தான்?”

நான் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன். ஒரு படத்தைப் பற்றி எழுத உட்கார்ந்த விமரிசகர்கள் பக்கம் பக்கமாக எழுதியும் எட்டாத இடத்தை, அந்தப் பையன் பாதி டீயோடு எட்டிப் பிடித்துவிட்டான்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குறுக்கன்மூலை என்ற கற்பனைக் கிராமத்தில் ஒரே இரவில் இரண்டு பேர் மீது மின்னல் பாய்கிறது. ஒருவன் தையற்காரன் ஜெய்சன். மற்றவன் டீக்கடையில் வேலை செய்யும் ஷிபு. இருவருக்கும் அமானுஷ்ய பலம் வந்து சேருகிறது. ஷிபுவைப் பைத்தியம் என்று ஊர் ஒதுக்கி வைத்திருக்கிறது. பள்ளிக்கூட நாளிலிருந்து அவன் மனசுக்குள் வைத்துப் பூஜித்த உஷா, எவனோடோ போய், பல வருஷங்களுக்குப் பிறகு நோயாளிக் குழந்தையோடு ஊர் திரும்புகிறாள். குழந்தையின் வைத்தியத்துக்குப் பணம் வேண்டும். ஷிபு பாங்கைக் கொள்ளையடிக்கிறான், கொலையும் செய்கிறான். கடைசியில் உஷா அவனை ஏற்றுக்கொண்ட பிற்பாடு, ஊரார் அவன் வீட்டுக்கு வைத்த தீயில் அவளும் குழந்தையும் எரிந்துபோகிறார்கள். அதன் பிறகு அவன் ஊரையே அழிக்கப் புறப்படுகிறான். வயல்காட்டில் காக்காய் விரட்ட நிறுத்தி வைத்த பொம்மையின் கோலந்தான் அவனுடைய வேஷம்.

காக்காய் விரட்டும் பொம்மையைக் கரிசல்காட்டுக்காரனுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கிழிந்த சட்டை, வைக்கோல் வயிறு, கரிக்கோட்டுக் கண். அதற்கும் மனித உருவந்தான், ஆனால் யாரும் அதைப் பார்த்து “சாப்பிட்டாயா?” என்று கேட்பதில்லை. வெயிலிலும் மழையிலும் நின்றே கிடக்கும். ஊர் ஷிபுவை எப்படி நடத்தியதோ அதையே அவன் எடுத்து உடம்பில் மாட்டிக்கொள்கிறான். வேஷம் போட்டவன் மறைந்துகொள்வான் என்பது வழக்கம். இவனோ வேஷம் போட்ட பிறகுதான் தான் யார் என்பதை ஊருக்குக் காட்டுகிறான்.

ஷிபுவாக நடித்தவர் நம் தமிழ் நடிகர் குரு சோமசுந்தரம். ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறையில் பயின்றவர். ‘ஆரண்ய காண்ட’த்திலேயே அவரைக் கவனித்தவர்கள் உண்டு. 2016இல் வந்த ‘ஜோக்க’ரில், தன்னைத் தானே ஜனாதிபதியாக அறிவித்துக்கொண்ட மன்னர் மன்னனாக வந்தார்; அங்கேயும் ஊர் அவரைக் கிறுக்கன் என்றுதான் சொன்னது. உஷா சம்மதம் சொல்லும்போது ஷிபுவின் முகம் படும் பாட்டை நான் மூன்று தடவை பார்த்தேன். முதலில் அவனுக்கு அது காதில் விழுந்ததா என்றே சந்தேகம். பிறகு சிரிக்கப் பார்க்கிறான். சிரித்துப் பழக்கமில்லாத வாய் கோணுகிறது. அழுகை முந்திக்கொள்கிறது. சந்தோஷமும் ஒரு காயம் மாதிரித்தான் அவன் மேல் வந்து விழுகிறது. எத்தனையோ சூரர்களின் சண்டைக் காட்சிகள் சேர்ந்தாலும் அந்த அரை நிமிஷத்துக்கு ஈடாகாது என்பது என் அபிப்பிராயம்.

நம் சினிமாவில் முகமூடி ஒரு காலத்தில் கதாநாயகனின் சொத்தாக இருந்தது. 1954இல் ‘மலைக்கள்ளன்’ எம்.ஜி.ஆர். முகமூடி அணிந்தார், அது நல்லவனின் ரகசியம். வில்லனுக்கு முகமூடி தேவைப்படவில்லை. வீரப்பாவின் சிரிப்பும், நம்பியார் கையைப் பிசைகிற பிசைவும் போதும். இவன் கெட்டவன் என்று தொட்டில் குழந்தைக்கும் தெரிந்துவிடும். அந்தச் சிரிப்பே ஒரு முகமூடிதானே! அதற்குப் பின்னால் எதுவும் இருக்கக் கூடாது என்பது கொட்டகையின் எழுதாத சட்டம். வில்லன் அடிபட்டால் நாம் கை தட்டினோம். அவனுக்கு வலித்ததா என்று யாரும் கேட்கவில்லை.

மேல்நாட்டார் இந்தக் கேள்வியை முன்னமே கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2012இல் வந்த கிறிஸ்டோபர் நோலனின் பேட்மேன் படத்தில் பேன் என்றொரு வில்லன் வருகிறான். அவன் வாயை மூடியிருக்கும் முகமூடி, பழைய காயத்தின் வலி தெரியாமலிருக்க மருந்துக் காற்றை ஊட்டிக்கொண்டே இருக்கும். அது உடைந்தால் அவன் துடித்துப்போவான். கடைசியில் அவன் பூர்வ கதையை ஒருத்தி சொல்லும்போது, முகமூடிக்கு மேலே கண் மட்டும் நனைகிறது. நல்ல கற்பனைதான். ஆனாலும் அது ஒரு தனி மனிதனின் காயம். ஷிபுவின் காயம் அப்படிப்பட்டதல்ல. அதில் ஊரில் ஒவ்வொருவர் கைரேகையும் இருக்கிறது.

இதெல்லாம் நமக்குப் புதிது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வடக்கே தொண்டை மண்டலத்துத் திரௌபதை அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடந்து பதினெட்டாம் போர் முடிகிற நாளில், களத்து மண்ணில் துரியோதனனை மலை போல் பிடித்துப் படுக்க வைப்பார்கள். பீமன் வந்து தொடையைப் பிளப்பான். பதினெட்டு நாளும் பாஞ்சாலி பக்கம் நின்ற ஜனங்கள்தாம் அங்கே துரியோதனனுக்காக ஒப்பாரியும் கேட்பார்கள். அவன் செய்தது சரி என்று எவரும் சொல்வதில்லை. ஆனால் அவன் தொடையும் சதைதான் என்பது அந்தக் கூட்டத்துக்குத் தெரியும். நம் தெற்கே வில்லுப்பாட்டில் எத்தனையோ சாமிகள் வெட்டுப்பட்டுச் செத்தவர்கள்தாம். பாமர ஜனங்களுக்கு இருந்த இந்தப் பெருந்தன்மையைச் சினிமாக் கொட்டகைதான் மறக்கடித்தது.

‘மின்னல் முரளி’யிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. தீக்குப் பிறகு படம் அவசரப்படுகிறது. கதாநாயகன் ஜெயிக்க வேண்டுமே! ஷிபு இனிமேல் ஒரு யந்திரம். உடைக்கிறான், அவ்வளவுதான். அவனை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்களையே ஜெய்சன் காப்பாற்றுகிறான்; அவர்களும் பிழைத்துக்கொள்கிறார்கள். யார் தீ வைத்தது என்ற கேள்வியைக் கேட்க அந்த ஊரில் ஒருவருக்கும் நேரமில்லை. டீக்கடைப் பையன்கள் கேட்டார்கள். “தீ வச்சவன் எல்லாம் கடைசீல கை தட்டுதாம்லே” என்று ஒருவன் எரிச்சலோடு சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

இந்தப் பேச்சு கயத்தாற்றில் நடந்தது என்பதை நான் சும்மா சொல்லவில்லை. 1799 அக்டோபர் 16ஆம் தேதி பானர்மன் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் இது. 1959இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்ம’னில் நடித்த சிவாஜி கணேசன், தம் பணத்தில் இங்கே நிலம் வாங்கி 1970இல் சிலை வைத்தார். அந்தப் படத்தைப் பார்த்து அழாதவன் எங்கள் சீமையில் கிடையாது, நானும் அழுதிருக்கிறேன். அதில் வி.கே. ராமசாமி எட்டப்பனாக வருவார். அபாரமான நடிகர். ஆனால் அந்தப் பாத்திரத்துக்குள் அவர் போவதற்குக் கதவே வைக்கவில்லை. எட்டையபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் எல்லைக் கிராமங்களைப் பற்றி நெடுநாள் பகை உண்டு. எட்டப்பர் கம்பெனி பக்கம் நின்றார், பலனும் அடைந்தார். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தவர்கள் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். அந்தப் பெயர் வசவாகவில்லை. எட்டப்பன் என்ற பெயர் மட்டும் தமிழ்நாடு முழுவதும் வசவாகிவிட்டது. கொட்டகை மாட்டிய முகமூடி ஆளோடு நிற்காமல் ஊருக்கே ஒட்டிக்கொண்டது. பாரதி பிறந்ததும் அதே ஊரில்தான் என்பது கூட அதைக் கழற்றவில்லை.

நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பில் எட்டையபுரத்திலிருந்து ஒரு பையன் வந்து சேர்ந்தான். சரித்திரப் பாடத்தில் கட்டபொம்மன் வந்த அன்று வகுப்பு முழுவதும் திரும்பி அவனைப் பார்த்தது. அன்றிலிருந்து அவனுக்கு எட்டப்பன் என்று பெயர். வைத்தவர்களில் நானும் ஒருவன். யார் கூப்பிட்டாலும் அவன் சிரிப்பான்; ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை. அதனால் அவனுக்கு அது பிடித்திருக்கிறது என்றே நாங்கள் நினைத்துக்கொண்டோம். ஷிபுவின் கோணல் சிரிப்பை மூன்றாம் தடவை பார்த்தபோதுதான் அதை முன்பு எங்கே பார்த்தேன் என்று எனக்குப் பிடிபட்டது.

போன வருஷம் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் நரைத்த மீசையோடு ஒருவர் வந்து என் தோளைத் தொட்டார். நான் விழித்தேன்.

“என்னப்பா, தெரியலையா? நான்தான், எட்டப்பன்” என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

பிள்ளைகளைப் பற்றி, மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவர் பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார். அவருடைய சொந்தப் பெயர் என்ன என்று வீடு வந்து சேரும் வரை யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.