பாதி தண்ணீர், பாதி கரை

மீன்தொட்டி வைப்பவர்களுக்குக் கண்ணாடியின் மேல்விளிம்பு வரை தண்ணீர் நின்றால்தான் மனம் நிறையும். சேற்றுத்தாவிக்கு அமைத்த தொட்டியில் அந்த ஆசைக்கு இடமில்லை. அங்கே தண்ணீர் ஒரு சாண் ஆழம்கூட இருக்காது. மணல் ஒரு பக்கமாக மேடேறி நிற்கும்; அதன்மேல் இரண்டு மூன்று வேர்க்கட்டைகள், தட்டையாக ஒரு கல், மற்றதெல்லாம் வெறும் காற்று. வீட்டுக்கு வந்தவர் இன்னும் பாதி வேலை பாக்கி என்று நினைப்பார். வளர்ப்புமீன் கடைகளில் மட்ஸ்கிப்பர் என்று விற்கும் இந்த உளுவை இன மீனை உற்றுப் பார்த்தால், தொட்டியில் எதுவும் குறையவில்லை என்பது விளங்கும். செய்யுளுக்கு உரைகாரர் பதம் பதமாகப் பொருள் சொல்வதுபோல, நல்ல தொட்டி மீனுக்கு உறுப்பு உறுப்பாகப் பொருள் சொல்கிறது.

கண்ணிலிருந்து தொடங்கலாம். தலையின் உச்சியில் இரண்டு குமிழ்களாக அவை துருத்தி நிற்கின்றன. உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள் கிடக்க, கண்கள் மட்டும் மேலே நின்று கரையை நோட்டம் விடும். கரையேறிய பின் அந்தக் கண் காய்ந்துவிடக் கூடாதே! அதற்காகச் சேற்றுத்தாவி கண் சிமிட்டுகிறது. மூடுவதற்கு நம்மைப் போல் இமை கிடையாது. விழியே குழிக்குள் இறங்கி, நனைந்து, மறுபடி எழும்புகிறது. நனைப்பது, தூசி நீக்குவது, அடிபடாமல் காப்பது என்று நம் இமை செய்யும் மூன்று வேலைகளையும் இந்தச் சிமிட்டல் செய்வதாக 2023இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தொட்டியில் மணலைப் படிக்கட்டுபோல் வெட்டாமல் மெல்லச் சரித்து விடுவது இந்தக் கண்ணுக்காகத்தான். கண் மட்டும் வெளியே தெரியப் படுத்துக்கிடக்க அதற்கு ஒரு விளிம்பு வேண்டும்.

அடுத்தது தோல். செவுள் அறையில் தண்ணீரைத் தேக்கிக்கொண்டு கரையேறும் இந்த மீன், ஈரத் தோல் வழியாகவும் வாய், தொண்டையின் உட்சவ்வு வழியாகவும் காற்றிலுள்ள உயிர்வளியை வாங்கிக்கொள்கிறது. தோல் உலர்ந்தால் மூச்சு முட்டும். எனவே இங்கே தண்ணீரைப் போலவே காற்றையும் பராமரிக்க வேண்டும்: 25 முதல் 28 டிகிரி வெப்பம், நல்ல ஈரப்பதம், இடைவெளி இல்லாத மூடி. உள்கண்ணாடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் துடைக்க வேண்டாம். காற்று சரியாக இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். மூடிக்கு இன்னொரு வேலையும் உண்டு. வயிற்றடித் துடுப்புகள் ஒட்டுறுப்பாக உதவுவதால் சேற்றுத்தாவி செங்குத்தான கண்ணாடியிலும் ஏறிவிடும். மார்புத் துடுப்புகளை ஊன்றி நடப்பதையும், வாலைச் சுண்டி எகிறுவதையும் சேர்த்தால், திறந்த தொட்டி அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

தண்ணீரின் சுவையிலும் நுணுக்கம் இருக்கிறது. கடலின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.025. கழிமுகத்து மீனான இதற்கு 1.005 முதல் 1.015 வரை போதும். சமையல் உப்பு உதவாது. கடல்மீன் தொட்டிக்கென்று விற்கும் உப்பையே கரைக்க வேண்டும். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவை ஈடுகட்ட, குளோரின் நீக்கிய நன்னீரை மட்டும் ஊற்ற வேண்டும்.

உண்ணும் அழகைத் தவறவிடக் கூடாது. மீன்கள் பொதுவாக நீரோடு சேர்த்து இரையை உறிஞ்சும். கரையில் நீருக்கு எங்கே போவது? ஆப்பிரிக்கச் சேற்றுத்தாவியைப் படமெடுத்து ஆராய்ந்தவர்கள் 2015இல் விடையை வெளியிட்டார்கள். வாயில் சேர்த்துவைத்த தண்ணீரை இரையின்மேல் பிதுக்கி, அதே தண்ணீரை இரையோடு உள்ளே இழுத்துக்கொள்கிறது. தண்ணீரே நாக்காகிவிடுகிறது! புழுவையோ சிறு பூச்சியையோ நீர்விளிம்பை ஒட்டிய ஈர மணலில் வைத்துப் பாருங்கள். விழுங்கிய கையோடு மறுவாய்த் தண்ணீருக்கு அது ஓடும்.

ஆனால் எந்த உரைக்கும் எட்டாத ஓர் அடி உண்டு. இயற்கையில் ஆண் சேற்றுத்தாவி சேற்றுக்குள் வளை தோண்டி, அதன் உள்ளறைக்கு வாய் வாயாகக் காற்றைச் சுமந்து சென்று முட்டைகளைக் காக்கிறது. ஜப்பானியச் சேற்றுத்தாவியில் குஞ்சு பொரிக்கும் வேளை வந்ததும் அதே ஆண் அந்தக் காற்றை வெளியேற்றி நீரை உள்ளே விடுவதையும் கண்டிருக்கிறார்கள். இதற்கு வேண்டிய ஆழமான சேற்றை வீட்டுத் தொட்டியில் கொட்டினால் அழுகி நாறும். வீட்டில் இவை குஞ்சு பொரிப்பது அபூர்வம். விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் கழிமுகத்தில் பிடிபட்டவையே.

எனவே வாங்கும் முன் பிச்சாவரத்துக்கோ முத்துப்பேட்டைக்கோ ஒருமுறை போய், நீர் வற்றும் நேரத்தில் அலையாத்தி வேர்களுக்கு இடையே இவற்றைப் பாருங்கள். அங்கிருந்து பிடித்து வராதீர்கள். எல்லைச் சண்டையில் முதுகுத் துடுப்பை விரித்து ஒன்றையொன்று விரட்டுவதைக் கண்டால், எவ்வளவு இடம் தேவை என்று நீங்களே கணக்குப் போட்டுவிடுவீர்கள். அதன் பிறகும் வளர்க்கும் ஆசை இருந்தால், தொட்டியின் நீளத்தைக் கூட்டுங்கள். மீனின் எண்ணிக்கையைக் குறையுங்கள்.