மூன்று கேஸ்கட், ஒரு ஹெட்

கம்ப்ரெஷன் கேஜை மாட்டிப் பார்த்தேன். ஒன்றும் நான்கும் நன்றாக இருந்தன; இரண்டும் மூன்றும் சேர்ந்தே படுத்துவிட்டன. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் இப்படி விழுந்தால், ஹெட்டை இறக்கும் முன்பே விஷயம் புரிந்துவிடும். நடுவிலுள்ள குறுகிய பாலத்தில் கேஸ்கட் எரிந்திருக்கிறது. கேஸ்கட்டைத் திட்ட வழியில்லை. இக்னிஷனை ஏகத்துக்கு அட்வான்ஸ் வைத்து, நாக் அடிக்க அடிக்க ஓட்டியது நான்தான்.

வண்டி பழைய மாருதி எஸ்டீம்: 74 மிமீ போர், 75.5 மிமீ ஸ்ட்ரோக், 1298 சிசி. டர்போ இல்லை. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் விரட்டுவதற்காகக் கட்டும் எஞ்சின். இந்த முறை மூன்று வகைக் கேஸ்கட்டை மேசையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன்.

கம்போசிட்: நடுவில் எஃகுத் தகடு, இருபுறமும் கிராஃபைட், சிலிண்டர் வாயைச் சுற்றி ஃபயர் ரிங். மலிவு. பரப்பு சற்றுச் சொரசொரப்பாக இருந்தாலும் பொறுத்துப் போகும். ஆனால் இறுக்கிய பிறகும் 1.2 மிமீ தடிமன்.

செம்பு: பார்க்க அழகு, சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் அஞ்சாது. ஆனால் ஸ்பிரிங் போல மீளாது. தண்ணீர் வழிகளை அடைப்பதிலும் தகராறு. பெரிய பூஸ்ட் என்றால் வாயைச் சுற்றிப் பள்ளம் வெட்டிக் கம்பி வளையம் பதிக்க வேண்டும். நேர்கோட்டில் பாயும் டிராக் ரேஸ் வண்டிக்குச் சரி, எனக்கு வேண்டாம்.

எம்எல்எஸ்: மெல்லிய ஸ்பிரிங் ஸ்டீல் தகடுகளின் அடுக்கு, மேலே ரப்பர் பூச்சு. வாயைச் சுற்றி ஓடும் மேட்டை விரலால் தடவினாலே தெரியும். வெடிப்பின் அழுத்தத்தில் ஹெட் இம்மியளவு எழும்பும்போது, இந்த மேடு கூடவே எழுந்து இடைவெளியை அடைக்கிறது. வாங்கியது 0.8 மிமீ.

அந்த 0.4 மிமீ வித்தியாசம் சின்னதல்ல. 75 மிமீ துளையுள்ள கேஸ்கட்டில் அது சுமார் 1.8 சிசி. கம்போசிட்டில் 9.5 ஆக இருந்த கம்ப்ரெஷன் விகிதம் 9.9 ஆகிறது. என் பிஸ்டன் பிளாக் மட்டத்துக்கு 0.2 மிமீ கீழே நிற்கிறது. ஆக ஸ்குவிஷ் இடைவெளி 1.4-லிருந்து 1.0 மிமீக்கு வருகிறது. ஓரத்தில் தேங்கும் கலவை நடுவுக்குத் தள்ளப்பட்டு வேகமாக எரியும்; விகிதம் ஏறினாலும் நாக் அதே அளவுக்கு ஏறாது. பிஸ்டன் மேல் ஈயக் கம்பி வைத்து, ஹெட்டை இறுக்கி, எஞ்சினைக் கையால் சுற்றி, நசுங்கிய கம்பியை அளந்து பார்த்தேன். கணக்கு ஒத்துப்போனது.

எம்எல்எஸ்ஸின் குறை ஒன்றுதான்: அதற்குக் கண்ணாடி மாதிரிப் பரப்பு வேண்டும். லேத் பட்டறைப் பெரியவர் ஹெட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்துச் சிரித்தார். "கேஸ்கட்டுக்கு எவ்வளவு குடுத்தீங்க தம்பி? அதுல பாதிய ஃபேசிங்குக்குக் குடுங்க." ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்தபோது அடியில் 0.05 மிமீ ஃபீலர் கேஜ் தாராளமாக நுழைந்தது. ஹெட்டையும் பிளாக்கையும் ஃபேசிங் போட்ட பிறகுதான் மேலே சொன்ன அளவுகளெல்லாம் எடுத்தேன்.

மாட்டும்போது பசை எதுவும் தடவவில்லை. போல்ட் துளைகளில் தேங்கிய எண்ணெயைக் காற்றடித்து வெளியேற்றி, புது போல்ட் போட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் படிப்படியாக டார்க் வைத்தேன். ஹெட் கீழே இறங்கியதால் கேம் டைமிங் கொஞ்சம் பின்தங்கும், அதையும் சரிசெய்தேன். இக்னிஷனை இந்தத் தடவை அடக்கி வைத்தேன். ஒரு நாள் முழுக்க விரட்டிவிட்டுப் பார்த்தால் நான்கு சிலிண்டரும் ஒரே அளவு; கூலன்ட் சொட்டுக் குறையவில்லை.

தினசரி வண்டிக்கு, பழைய ஹெட்டைத் துடைத்து மாட்டுகிறவருக்கு, கம்போசிட்டே போதும். எஞ்சினைப் பிழிகிறவருக்கு எம்எல்எஸ். ஆனால் கடைக்கு அவசரப்பட்டு ஓடாதீர்கள். ஃபேசிங்கில் எவ்வளவு போகிறது என்பது தெரிந்த பிறகுதான் எந்தத் தடிமன் வேண்டும் என்பதே தெரியும். முதலில் ஹெட் பட்டறைக்குப் போகட்டும்.