தலைமையாசிரியருக்கு எத்தனை மார்க்?

என் கல்லூரி நண்பன் ஒருவன் அரசு மேல்நிலைப் பள்ளியில் எச்.எம். நானும் அவனும் பி.காம். ஒரே பெஞ்ச். நான் பத்திரிகைக்கு வந்துவிட்டேன். அவன் எம்.காம்., பி.எட். முடித்து வாத்தியாராகி, சீனியாரிட்டி வரிசையில் காத்திருந்து, ஒருவழியாக அந்த நாற்காலிக்கு வந்தான்.

வந்த புதிதில் ஒரு நாள் ராத்திரி போன் செய்தான். "டேய், என்னோட தலைமைப் பண்புக்கு நானே மார்க் போட்டுக்கணுமாம். எவ்வளவு போடலாம், சொல்லு."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். டெல்லியில் உள்ள தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாகப் பல்கலைக்கழகம் 2015-ல் 'ஷாலா சித்தி' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. பள்ளிக்கூடம் தன்னைத்தானே எடைபோட்டுக்கொள்ள ஒரு படிவம். மொத்தம் ஏழு பகுதிகள். வகுப்பறை, கழிப்பறை, பாடம் நடத்தும் விதம், பிள்ளைகள் கற்றது என்று போகிற பட்டியலில் ஐந்தாவது பகுதி, பள்ளித் தலைமை. தொலைநோக்கை உருவாக்குகிறீர்களா? மாற்றத்தை முன்னின்று நடத்துகிறீர்களா? கற்பித்தலை வழிநடத்துகிறீர்களா? ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலைகள். நீங்கள் எந்த நிலை என்று நீங்களே சொல்ல வேண்டும்.

நண்பன் தொலைநோக்குக்கு முதல் நிலை என்று போட்டான். வந்தே மூன்று மாதம்தான் ஆகிறது, ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேருக்குத் தமிழ் வாசிக்க வரும் என்பதே தெரியாது, இதில் என்ன தொலைநோக்கு என்பது அவன் நியாயம். மறுநாள் மேலிடத்திலிருந்து போன். "என்ன சார், பக்கத்து ஸ்கூல்ல எல்லாம் ரெண்டு, மூணுன்னு போட்டிருக்காங்க. நீங்க மட்டும் ஒண்ணு போட்டா நாங்க மேல என்ன பதில் சொல்றது? பார்த்து மாத்துங்க."

மாற்றினான். ஒரே ராத்திரியில் அவனுடைய தொலைநோக்கு மூன்றாம் நிலைக்கு உயர்ந்தது.

எங்கள் ஆடிட்டிங் வாத்தியார் அடிக்கடி சொல்வார்: "ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆயிடுச்சுன்னு குதிக்காதீங்கடா. வவுச்சர் எங்கேன்னு கேளுங்க." பேரேட்டில் எழுதியிருக்கும் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு துண்டுச் சீட்டாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது கணக்கு இல்லை, கதை. தலைமையாசிரியர்களை அளக்கும் கருவிகளைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு இந்த ஒரு கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது.

அளப்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அதே ஊர், அதே பாடத்திட்டம், அதே சம்பளம். எச்.எம். மாறினால் பள்ளிக்கூடம் மாறிவிடுகிறது என்பது எந்தப் பெற்றோருக்கும் தெரியும். நம் அரசுப் பள்ளிகளில் அந்த நாற்காலிக்குப் பெரும்பாலும் சர்வீஸ் வருடங்கள்தான் ஆளைக் கொண்டுவருகின்றன. பள்ளியை எங்கே கொண்டுபோக நினைக்கிறீர்கள் என்று உட்காருவதற்கு முன்னால் யாரும் கேட்பதில்லை. உட்கார்ந்த பிறகாவது கேட்பது நல்லதுதான். எப்படிக் கேட்பது என்பதில்தான் சிக்கல்.

அமெரிக்காவில் பிலிப் ஹாலிங்கர் என்பவர் 1980-களின் தொடக்கத்தில் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். உலகில் பல நாடுகளில் இன்றைக்கும் புழங்குகிறது. 50 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 'அநேகமாக இல்லை' என்பதில் ஆரம்பித்து 'அநேகமாக எப்போதும்' வரை ஐந்து படிகள். இதில் எனக்குப் பிடித்த விஷயம், அது மனசைக் கேட்பதில்லை, காரியத்தைக் கேட்கிறது. வகுப்புக்குள் போய்ப் பார்க்கிறாரா, தேர்வு முடிவுகளை ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசுகிறாரா, இந்த மாதிரி. இன்னொன்று, அதே கேள்விகளை ஆசிரியர்களிடமும் கொடுக்கலாம். கொடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் நடப்பது நீங்கள் எதிர்பார்ப்பதுதான். எச்.எம். தனக்குப் போட்டுக்கொள்ளும் மார்க், டீச்சர்கள் அவருக்குப் போடும் மார்க்கைவிட அதிகம். ஆசிரியர்கள் சொல்வதையே நம்புங்கள் என்று ஹாலிங்கரே சொல்லிவிட்டார்.

நல்ல யோசனைதான். ஆனால் நம்ம ஊர் ஸ்டாஃப் ரூமை நினைத்துப் பாருங்கள். நாளைக்கு சி.எல். லெட்டரை நீட்ட வேண்டிய அதே எச்.எம்.முக்கு எந்த டீச்சர் 'அநேகமாக இல்லை' என்று டிக் அடிப்பார்? கட்டுக்கட்டாக 'அநேகமாக எப்போதும்' வந்து விழும். ஆகவே இது பாதி வவுச்சர்.

மூன்றாவது வழி பொருளாதாரக்காரர்களுடையது. நிக்கோலஸ் ப்ளூம், ஜான் வான் ரீனன் முதலானவர்கள் முதலில் தொழிற்சாலைகளில் நிர்வாகத்தை அளந்துகொண்டிருந்தார்கள். பிறகு பள்ளிக்கூடங்களுக்கு வந்தார்கள். எட்டு நாடுகள், 1,800-க்கு மேற்பட்ட பள்ளிகள். முடிவுகள் 2015-ல் வெளியாயின. அவர்கள் படிவம் அனுப்பவில்லை. எச்.எம்.முக்குப் போன் செய்து பேசினார்கள். மார்க் போடப்படுகிறது என்பதே எச்.எம்.முக்குத் தெரியாது. 'உங்களுக்குத் தொலைநோக்கு இருக்கிறதா' என்று கேட்டால் யார் இல்லை என்பார்கள்? அதனால் 'ஆம், இல்லை'யில் முடிகிற கேள்வியே கிடையாது. ஒரு பையன் பின்தங்குகிறான் என்பது உங்களுக்கு எப்படித் தெரியவரும், தெரிந்தால் என்ன செய்வீர்கள், ஒரு உதாரணம் சொல்லுங்களேன் என்கிற ரீதியில் பேச்சு போகும். உதாரணம் சொல்லத் திணறுகிறவருக்கு மார்க் குறையும். 20 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை.

அப்பாடா, வவுச்சர் கேட்கிற ஆள்! இந்த மார்க் அதிகமுள்ள பள்ளிகளில் பிள்ளைகளின் தேர்ச்சியும் நன்றாக இருக்கிறது என்றும் காட்டினார்கள். எட்டு நாடுகளில் இந்தியாவுக்குக் கடைசி இடம்.

இங்கே எனக்கு ஒரு சண்டை உண்டு. நல்ல ஆசிரியரை எப்படித் தக்கவைக்கிறீர்கள், சரியாக வேலை செய்யாதவரை என்ன செய்கிறீர்கள் என்றும் அந்தப் பேட்டியில் கேட்கிறார்கள். என் நண்பனைக் கேட்டால் என்ன சொல்வான்? ஆசிரியரை நியமிப்பது அரசு. மாற்றுவது கவுன்சிலிங். கணக்கு வாத்தியார் இடம் காலியாக இருந்தால் அவன் செய்யக்கூடியது, மேலே கடிதம் எழுதிவிட்டுக் காத்திருப்பது. அந்தக் கேள்வியில் அவன் வாங்குகிற ஒன்று அவனுடைய மார்க்கா, அரசாணைகளின் மார்க்கா? ஒரு கிளை மேனேஜரிடம் செக் புத்தகத்தைக் கொடுக்காமல், ஏன் பில் கட்டவில்லை என்று கேட்பதுபோல இருக்கிறது.

சரி, அளவு கச்சிதமாகவே அமைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது என்ன ஆகும்? இதற்கு மத்தியப் பிரதேசத்தில் பதில் கிடைத்தது. கார்த்திக் முரளீதரன், அபிஜித் சிங் என்ற இரு பொருளாதார நிபுணர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வு. அங்கே குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த 1,774 பள்ளிகளில் மதிப்பீடு செய்து, நிலை கொடுத்து, பள்ளிக்குப் பள்ளி முன்னேற்றத் திட்டமும் எழுதவைத்தார்கள். மதிப்பீடு அநேகமாக எல்லாப் பள்ளியிலும் முடிந்தது. கொடுத்த நிலைகளும் வெறும் கப்ஸா இல்லை, பள்ளிகளின் நிஜ நிலைமையைக் காட்டின. ஆனால் பள்ளி நடக்கும் விதத்திலோ பிள்ளைகளின் படிப்பிலோ ஒரு மாற்றமும் இல்லை. களத்தில் விசாரித்தபோது, கூடுதலாக வந்தது காகித வேலைதான் என்று தெரிந்தது. இதற்குள் அந்தத் திட்டம் வெற்றி என்று பேசப்பட்டு, நாடு முழுக்க ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

எனக்கு வயிற்றைக் கலக்கியது இந்த முடிவுதான். டிக் பொய்யாக இருந்தால் திட்டலாம். டிக் உண்மை, அப்படியும் ஒன்றும் நடக்கவில்லை. ஏனென்றால் அளந்த பிறகு யாருடைய பொறுப்பும் மாறவில்லை, யாருடைய அதிகாரமும் மாறவில்லை. ஆடிட் ரிப்போர்ட்டை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிய கம்பெனி உருப்படுமா?

ஆகவே என் தீர்ப்பு இது. தலைமையாசிரியரின் மனப்போக்கை அவர் டிக்கில் தேடாதீர்கள். போன வாரம் எந்த வகுப்பில் உட்கார்ந்தீர்கள், என்ன பார்த்தீர்கள், பிறகு என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். அவர் கையில் இல்லாத விஷயத்துக்கு அவருக்கு மார்க் போடாதீர்கள். குறைந்த மார்க் போட்டவரை மிரட்டி மாற்றச் சொல்லாதீர்கள், உதவி தேவை என்று அவர் கையைத் தூக்கியிருக்கிறார். ஆறு மாதம் கழித்துத் திரும்ப வாருங்கள். கடைசியாகச் சொன்னதைச் செய்ய முடியாவிட்டால் முதலில் அளக்கவே வராதீர்கள்.

போன மாதம் நண்பன் பள்ளிக்குப் போயிருந்தேன். மேஜை டிராயரிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் காட்டினான். ஒன்பதாம் வகுப்பில் தமிழ் வாசிக்கத் திணறுகிற பிள்ளைகளின் பெயர்கள். வாசிக்கவைத்துப் பார்த்த தேதி. சாயங்காலம் யாரிடம் உட்காருகிறார்கள் என்ற விவரம். சில பெயர்களுக்கு எதிரே 'பரவாயில்லை' என்று எழுதியிருந்தான். இரண்டு பெயர்களுக்கு எதிரே 'வருவதில்லை. வீட்டுக்குப் போகணும்'.

"இதை யார் கேட்டாங்க?" என்றேன்.

"யாரும் கேக்கலை. எனக்குத் தெரிய வேண்டாமா?"

அன்றைக்கு அவனை மாற்றச் சொன்ன அந்த மூன்றாம் நிலைக்கு இப்போது டிராயரில் வவுச்சர் இருக்கிறது. கேட்டு வாங்கிப் பார்க்கத்தான் இன்னும் ஆள் வரவில்லை.